வாய்க்குள் ஒரு வீண் பழி

திருத்தங்கல் என்று சொன்னால் பலருக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் நினைவுக்கு வரும். பக்தர்களுக்கு மலைமேல் கோயில் கொண்ட நின்ற நாராயணப் பெருமாள் நினைவுக்கு வருவார். 2021-ல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் சர்க்கார் காகிதங்களில் அது இப்போது தனி ஊர்கூட அல்ல. ஆனால் கதை எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் ஒரு வழக்குத்தான் நினைவுக்கு வருகிறது. நிரபராதி ஒருவனைச் சிறையில் தள்ளிய வழக்கு.

சிலப்பதிகாரத்தில், கட்டுரை காதையில் அது வருகிறது. மதுரை எரிந்துகொண்டிருக்கிறது. மதுராபுரித் தெய்வம் கண்ணகியின் பின்னே வந்து நின்று, பாண்டியர்கள் பரம்பரையாகவே கொடுங்கோலர்கள் அல்லர் என்று எடுத்துச் சொல்கிறது. அதற்குச் சாட்சியாகச் சொல்லும் கதைகளில் ஒன்று தங்காலில் நடந்தது. சேர மன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் சோழ நாட்டு அந்தணன், தங்காலில் அரச மரத்தடி மன்றத்தில் மூட்டையை இறக்கி இளைப்பாறுகிறான். ஊர்ப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்கிறார்கள். "என்னோடு பிழையில்லாமல் வேதம் ஓதுகிறவனுக்கு இந்த மூட்டை" என்று அவன் சொல்ல, வார்த்திகன் என்பவனுடைய மகன், பால்மணம் மாறாத சிறுவன், மழலை தட்டும் நாவால் ஒரு பிழையும் இல்லாமல் ஓதிவிடுகிறான். முத்துப் பூணூலும் கடகமும் தோடும் அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கின்றன. குடும்பம் நகை பூண்டு நடமாடுவதைக் கண்டு அரசாங்கச் சேவகர்களுக்குப் பொறுக்கவில்லை. 'இவனுக்கு ஏது இவ்வளவு? புதையல் எடுத்து மறைத்திருக்கிறான்' என்று தகப்பனைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அவன் மனைவி கார்த்திகை தரையில் புரண்டு அழுதாள். ஐயை கோயில் கதவு திறக்க மறுத்தது. பாண்டியன் நடுங்கிப்போய் விசாரித்து, வார்த்திகனை விடுவித்து, தங்காலையும் வயலூரையும் அவனுக்கே கொடுத்து, மண்ணில் விழுந்து வணங்கினான்.

குற்றம் என்று சேவகர்கள் கண்டது என்ன? ஒரு குழந்தையின் வாயிலிருந்து வந்த நல்ல சொல்லுக்குக் கிடைத்த கூலி. அவ்வளவுதான்.

இந்தப் பழங்கதையை நான் இப்போது எடுத்ததற்குக் காரணம் உண்டு. வாயைப் பற்றியே இன்னொரு வீண் பழி வழங்கி வருகிறது. அதில் அகப்பட்டுத் தவிப்பவர்கள் எண்ணிக்கை, நாம் நினைப்பதைவிட அதிகம்.

சிவகாசிப் பக்கத்து அச்சகம் ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். ஒருநாள் முகம் மழிக்கும்போது கன்னத்தை உள்ளிருந்து நாக்கால் உந்தியவர், கண்ணாடியில் உள்கன்னத்தைப் பார்த்துவிட்டார். கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, ரவையைக் கொஞ்சம் இறைத்தாற்போல வெளிர் மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு மணிகள். மறுபக்கம் பார்த்தார், அங்கேயும் இருந்தன. மேலுதட்டை இழுத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்து தோல் தொடங்கும் ஓரத்திலும் ஒரு வரிசை. அவருடைய பெரியப்பா வாய்ப் புற்றுநோயில் இறந்தவர். அப்புறம் கேட்க வேண்டுமா? மூன்று மாதம் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பெண் பார்க்கப் போவதைத் தள்ளிப்போட்டார். கடைசியில் ஒரு பல் வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கைப் பிடித்து, அரை நிமிஷம் பார்த்துவிட்டு, "எனக்கும் இருக்கிறது, பார்க்கிறீர்களா?" என்று கேட்டாராம்.

அந்த வைத்தியர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வயது வந்தவர்களில் நூற்றுக்கு எழுபது எண்பது பேருக்கு இந்த மணிகள் இருக்கின்றன. இதைப் படிக்கும் வாசகர்களில் பெரும்பாலோர் வாயிலும் இருக்கும். பார்க்காத வரையில் இல்லை, பார்த்தால் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இவை என்ன? நம் முகத்திலும் தலையிலும் தோலுக்கு எண்ணெய்ப் பசை கொடுக்கும் சுரப்பிகள் இருக்கின்றன அல்லவா? அதே சுரப்பிகள்தாம். தாயின் வயிற்றில் முகம் உருவாகும்போது, மேல்தாடைப் பகுதியும் கீழ்த்தாடைப் பகுதியும் இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டு விழும் இடங்களில், வெளித்தோலுக்கு உரிய சில துணுக்குகள் உள்ளே மாட்டிக்கொள்கின்றன. தையற்காரன் மடித்துத் தைக்கும்போது வெளித்துணியில் ஓர் இழை உட்புறம் போய்விடுவது போல. தோலில் இந்தச் சுரப்பியோடு ஒரு மயிர்க்கால் துணை இருக்கும். வாய்க்குள் அந்தத் துணை இல்லை. குழந்தைப் பருவத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உறங்கிக் கிடந்து, பருவம் வந்ததும் முகத்தில் பருவைக் கிளப்புகிற அதே ஹார்மோன்களின் தூண்டுதலால் பருத்துத் தெரிகின்றன. அதனால்தான் கல்லூரியில் சேரும் வயதில் இருக்கிறவர்களே அதிகம் பயந்துகொள்கிறார்கள்.

இவ்வளவு சாதுவான ஒன்றுக்கு 'வியாதி' என்ற பழி எப்படி வந்தது? அதுதான் சரித்திரம்.

1860-களின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் கொலிக்கர் என்னும் உடற்கூறு மேதை, உதட்டிலே எண்ணெய்ச் சுரப்பிகள் இருப்பதைக் கண்டு எழுதிவைத்திருந்தார். உடற்கூறு எழுதுகிறவர் பேச்சை வைத்தியம் பார்க்கிறவர் கேட்பது எல்லாக் காலத்திலும் அபூர்வம். முப்பத்தைந்து வருஷம் கழித்து, 1896-ல், நியூயார்க்கில் தோல்நோய் நிபுணராக இருந்த ஜான் அடிசன் ஃபோர்டைஸ், உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் காணப்படும் விசித்திரமான ஒரு பாதிப்பு என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒஹாயோவில் பிறந்து, வியன்னாவிலும் பாரீஸிலும் படித்துத் தேறியவர், கைகாரர்தாம். ஆனாலும் அதை ஒரு நோயாகவே கருதினார். பெரிய டாக்டர் பெயர் வைத்தால் பெயர் ஒட்டிக்கொள்ளும். 'ஃபோர்டைஸ் வியாதி' என்று பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது.

மூன்றே வருஷத்தில், 1899-ல், பிரான்ஸில் துலூஸ் நகரத்து ஓட்ரி என்பவர் அந்த மணியை வெட்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். உள்ளே இருந்தது எண்ணெய்ச் சுரப்பி. நோய்க்குரிய அடையாளம் ஒன்றும் இல்லை. வழக்கு தள்ளுபடியாகியிருக்க வேண்டும். ஆனால் வார்த்திகனுக்குக் கிடைத்த பாண்டியன் இதற்குக் கிடைக்கவில்லை. விடுதலைத் தீர்ப்பு வந்த பிறகும் பல பத்தாண்டுகள் 'வியாதி' என்ற சொல் புத்தகங்களில் உட்கார்ந்துகொண்டிருந்தது. இப்போதுதான் 'ஃபோர்டைஸ் மணிகள்', 'ஃபோர்டைஸ் புள்ளிகள்' என்று எழுதுகிறார்கள்.

கதாசிரியன் கற்பனை செய்தால், 'இது பொருத்தமாக இல்லை' என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடக் கூடிய ஒரு சங்கதி இங்கே உண்டு. அதே 1896-ம் வருஷம், அதே நியூயார்க்கில், ஹென்றி காப்லிக் என்ற குழந்தை வைத்தியரும் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதுவும் உள்கன்னத்துப் புள்ளிகளைப் பற்றித்தான். அதுவும் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே. போதாததற்கு இருவருமே 1858-ல் பிறந்தவர்கள். ஆனால் காப்லிக் கண்டது வேறு புள்ளி. சிவந்த தளத்தின்மேல் உப்புப்பொடி தூவினாற்போல நீலம் பாய்ந்த வெண்மை. காய்ச்சலோடு இருக்கும் குழந்தையின் வாயில் அது தோன்றினால், ஓரிரு நாளில் உடம்பெங்கும் மணல்வாரி அம்மை வெளிப்படும் என்று அர்த்தம். சில நாளில் அந்தப் புள்ளி மறைந்துவிடும். மற்றக் குழந்தைகளை விலக்கி வைக்க அது கொடுக்கும் அவகாசம் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றலாம். ஆக, ஒரே ஊரில், ஒரே வருஷத்தில், கன்னத்தின் ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள் பெயர் பெற்றன. ஒன்று உண்மையான எச்சரிக்கை. மற்றது வெறும் தோல். உலகம் இரண்டையும் ஒரே மாதிரிப் பார்த்துப் பயந்தது.

பயந்தவர்களை நான் கேலி செய்யவில்லை. கந்தக பூமியில் பிறந்தவர்களுக்கு வாயைப் பற்றிப் பயப்படக் காரணம் உண்டு. தீக்குச்சியின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தீக்குச்சித் தலையில் வெண் பாஸ்பரஸ் வைத்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும். அந்தப் பாஸ்பரஸ் புகையைச் சுவாசித்த தொழிலாளிக்கு முதலில் பல் வலிக்கும். பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாது. சீழ் வைக்கும். பிறகு தாடையெலும்பே செத்து அழுகும். பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். எலும்பை வெட்டி எடுத்தால்தான் உயிர் மிஞ்சும். 1840-களிலேயே வியன்னா டாக்டர்கள் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள், தொழில் நின்றபாடில்லை. 1888-ல் லண்டன் பிரையன்ட் அண்டு மே தொழிற்சாலைப் பெண்களின் நிலையைப் பற்றி ஓர் அம்மையார் பத்திரிகையில் காரசாரமாக எழுதினார். அதைத் தொடர்ந்து ஏறக்குறைய ஆயிரத்து நானூறு பெண்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்கள் பெற்ற சலுகைகளில் ஒன்று, பாஸ்பரஸ் இல்லாத தனி அறையில் உட்கார்ந்து சாப்பிடும் உரிமை! எழுதிய அம்மையார் வேறு யாருமல்ல. பிற்காலத்தில் அடையாற்றில் வாழ்ந்து 1933-ல் அங்கேயே மறைந்த அன்னி பெசன்ட்தான்.

1906-ல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெண் பாஸ்பரஸ் தீக்குச்சியை ஒழிக்க உடன்படிக்கை செய்தன. இந்தியாவில் அதற்கான தடைச் சட்டம் 1913-ல் வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான், கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பெட்டியின் பக்கத்தில் பூசும் சிவப்புப் பாஸ்பரஸ் அந்தப் பழைய எமன் அல்ல. சிவகாசியும் திருத்தங்கலும் சாத்தூரும் எத்தனையோ துன்பங்களைப் பார்த்திருக்கின்றன. வெடிவிபத்துகளைச் சொல்லி முடியாது. ஆனால் 'பாஸ்பரஸ் தாடை' என்னும் ஒரு கொடுமை பத்தாண்டு வித்தியாசத்தில் தப்பிப் போயிற்று.

தப்பாத கொடுமை வெற்றிலைப் பெட்டியில் இருந்தது. இங்கிருந்து தெற்கே, அன்றைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே வேலை பார்த்த டாக்டர் பென்டால் 1908-ல், தாம் தொகுத்த 1,700 புற்றுநோய்க் கேஸ்களைப் பற்றி இங்கிலாந்து வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். சீமை டாக்டர்கள் திகைத்தார்கள். இந்த நாட்டில் இவ்வளவு பேருக்கு வாயிலே புற்று ஏன் வர வேண்டும்? 1933-ல் அதே நெய்யூரைச் சேர்ந்த டாக்டர் ஓர், வெற்றிலை பாக்கோடு புகையிலையை அடக்கி வைக்கும் பழக்கத்தின்மீது விரலை நீட்டினார்.

அந்த நெய்யூரில் அக்காலத்தில் கத்தியும் ரேடியமும் கொண்டு வாய்ப் புற்றோடு போராடியவர் ஹோவர்ட் சாமர்வெல். எவரெஸ்ட் சிகரத்தின்மேல் 1922-லும் 1924-லும் ஏறிப் பார்த்த வீரர். 1924-ல் அவ்வளவு உயரத்தில் அவருடைய தொண்டையின் உட்சவ்வே உரிந்து மூச்சை அடைத்து, மரணத்தின் விளிம்பில் அதை இருமித் துப்பி உயிர் பிழைத்தார். முதல் எவரெஸ்ட் பயணம் முடிந்து நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த மனிதர், நெய்யூரில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டனில் காத்திருந்த வாழ்வை உதறி இங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். இவரைப் பற்றி ஒரு நாவலே எழுதலாம். யாராவது எழுதட்டும்.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கு பாவமற்றது என்று நம் வீடுகளில் நீண்டகாலம் நம்பினோம். 1952-ல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கீழ் ஆப்பிரிக்காவில் குடியேறிய இந்தியப் பெண்கள் ஐவருக்கு வாய் இறுகித் திறக்க முடியாமல் போனதை எழுதினார். மறு வருஷம் பம்பாயில் டாக்டர் ஜோஷி அதே நோயை விவரித்தார். காரம் பட்டால் எரியும். கன்னத்தின் உட்புறம் வெளுத்து நார்போல இறுகும். இரண்டு விரல் நுழையாத அளவுக்கு வாய் சுருங்கும். பிறகு புற்றாகவும் மாறலாம். காரணம் பாக்கு. 2004-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வெளியிட்டது. தமிழ்நாட்டில் 2013-ல் குட்காவையும் பான்மசாலாவையும் தடை செய்தார்கள். தடை செய்த பொருளுக்கு ருசி கூடுகிறது என்பதைச் சொல்ல நான் வேண்டியதில்லை.

இதிலுள்ள விபரீதத்தைப் பாருங்கள். வாயில் ஆறாத புண் இருக்கிறவர், 'உடம்புச் சூடு' என்று மணத்தக்காளிக் கீரையைக் கடைந்து சாப்பிட்டுக்கொண்டு நாலு மாதம் தள்ளுகிறார். மணத்தக்காளியின்மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. சாதாரணப் புண்ணுக்கு அது நாவுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புண் சாதாரணமானதா என்பதுதானே கேள்வி? இன்னொரு பக்கம், ரவை மணியைப் பார்த்த இளைஞர் மூன்று மாதம் பட்டினி கிடக்கிறார். நிரபராதி சிறையில், கொள்ளைக்காரன் திண்ணையில் தலையணை போட்டுப் படுத்திருக்கிறான்.

ஆகவே அடையாளத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய்ச் சுரப்பி மணிகள் கடுகைவிடச் சிறியவை. மூன்று மில்லிமீட்டரைத் தாண்டுவது அரிது. வெளிர் மஞ்சள் அல்லது பால் நிறம். பெரும்பாலும் இரண்டு கன்னத்திலும் இருக்கும். மேல் சவ்வுக்கு அடியில் இருப்பதால், கன்னத்தையோ உதட்டையோ இழுத்துப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். வலிக்காது, எரியாது, இரத்தம் வராது. சுரண்டினால் வராது. போன வருஷம் எப்படி இருந்ததோ அப்படியே இந்த வருஷமும் இருக்கும். ஒட்டுவாரொட்டி அல்ல; முத்தம் கொடுத்ததால் வந்தது என்று மனைவி கணவனைச் சந்தேகிக்க இடமில்லை.

இதற்கு மாறாக, துடைத்தாலும் போகாத தடித்த வெள்ளைத் திட்டு, வெல்வெட்டுப் போன்ற சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், ஒரு பக்கத்தில் மட்டும் வளரும் கட்டி, காரம் தாங்காத எரிச்சல், வாய் திறப்பது குறைந்துகொண்டே வருவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் கீரை போதாது. ஒரே வாயில் சாதுவான மணியும் பொல்லாத திட்டும் பக்கத்தில் பக்கத்திலேயே இருக்க முடியும் என்பதையும் மறக்க வேண்டாம். மணி இருப்பது திட்டுக்கு ஜாமீன் ஆகாது. புகையிலை, பாக்குப் பழக்கம் உள்ளவர்கள் மணியோடு நிறுத்தாமல் வாய் முழுவதையும் காட்டிவிடுவது நல்லது.

மணிகளுக்கு வைத்தியம் என்ன? ஒன்றும் இல்லை, தேவையும் இல்லை. நகத்தால் கிள்ளி, ஊசியால் குத்தி, சுண்ணாம்பு தடவிப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இல்லாத நோயை வரவழைக்கும் வழி அது. மேலுதட்டின் ஓரத்தில் வெளியே தெரிகிறது, கல்யாணத்துக்கு இருக்கும் பெண்ணுக்கு அழகு கெடுகிறது என்று தவிக்கும் பெற்றோரும் உண்டு. லேசர் ஒளியாலோ மின்சார ஊசியாலோ சுட்டு நீக்கும் முறைகள் தோல் வைத்தியர்களிடம் இருக்கின்றன. ஆனால் தழும்பு விழக்கூடும், மணி திரும்பவும் தலைகாட்டக்கூடும். பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையால் மணி சுருங்குவதுண்டு. மாத்திரையை நிறுத்தினால் பழையபடி வரும். கர்ப்பமாக இருக்கும் பெண் சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் உண்டாகும் மருந்து அது. உதட்டு ஓரத்து நாலு மணிக்காக இதையெல்லாம் செய்ய வேண்டுமா என்று நான் கேட்டால், 'உனக்குப் பெண் இருந்தால் தெரியும்' என்பார்கள். கேட்காமலே விட்டுவிடுகிறேன்.

பயம் தீர மட்டும் ஒருமுறை காட்டிவிடலாம். தொழிலாளர்களுக்குச் சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. சாதாரணப் பல் வைத்தியரே போதும். அவர் சோதனைக் குழாய், ஊடுகதிர்ப் படம் என்று எதையும் கேட்க மாட்டார். ஒரு விளக்கு, ஒரு சிறு கண்ணாடி, கன்னத்தை விலக்க ஒரு விரல். அநேகமாக அவ்வளவிலேயே விஷயம் முடிந்துவிடும்.